தங்கச்சி பேரில் ஒரு தாடை

மூக்கர் கல்லைக் கட்டிக்கொண்டு அழ வந்ததற்கு ஒரே காரணம், கல் நாறாது என்பதுதான்.

அருங்காட்சியகத்தில், கல்லாகிப்போன மீன்களைப் பார்த்து இது இன்ன வகை, இன்னதற்கு உறவு என்று பிரித்துவைக்கிற உத்தியோகம் அவருக்கு. செத்துப் பல லட்சம் வருஷமான மீன்கள். சதை கிடையாது, சீழ் கிடையாது, ஈ எட்டிப் பார்க்காது. கையில் எடுத்தால் விரலில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூசி ஒட்டும், ஊதினால் போய்விடும். மனுஷனைவிடச் சுத்தமான பிராணிகள் என்று அவர் சொல்வார், பாதி விளையாட்டாகத்தான்.

உள்ளபடி பார்த்தால் அவருக்குச் சப்பை மூக்கு. பட்டப்பெயர் அதன் அளவால் வந்ததில்லை, அது சுளிக்கிற சுளிப்பால் வந்தது. லிஃப்ட் கதவு மூடியதும் யார் நேற்றைய சட்டையை இன்றும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களின் சாப்பாட்டு டப்பா திறக்கும் நேரம் பார்த்து வராந்தாவில் உலாத்தப் போய்விடுவார். அப்படிப்பட்டவருக்கு விதி ஒதுக்கிய அறை, பின்பக்க மொட்டைமாடிக்கு நேர் கீழே.

மொட்டைமாடி வாளியம்மாவின் ராஜ்ஜியம். மீன் எலும்புப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். எலும்பு வேண்டுமென்றால் சதை போக வேண்டும். சதை போக வேண்டுமென்றால் அழுக வேண்டும். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிகளில் தண்ணீர் ஊற்றி, மீனைப் போட்டு, வெயிலில் வைத்துவிடுவார். மிச்சத்தைப் புழுவும் கிருமியும் பார்த்துக்கொள்ளும். காற்று திசை மாறினால் மூக்கர் ஜன்னலைச் சாத்துவார், பிறகு கதவைச் சாத்துவார், பிறகு மேலிடத்துக்குப் புகார் எழுதுவார். பதிலுக்கு வாளியம்மா, வாளிகளை அவர் ஜன்னலுக்கு இன்னும் ஓரடி பக்கத்தில் நகர்த்திவைப்பார்.

இத்தனை வருஷ உத்தியோகத்தில் மூக்கர் புதிதாகப் பெயர் வைத்தது ஒரே ஒரு மீனுக்கு. மீன்கூட இல்லை, தாடை. முள்ளம்பேத்தை என்று ஒரு மீன் உண்டு. பயந்தால் உடம்பைப் பந்துபோல ஊதிக்கொண்டு முள்ளைச் சிலிர்க்கும். செத்தால் முள் உதிர்ந்துவிடும், உடம்பு கரைந்துவிடும். கிளி அலகு மாதிரி இருக்கிற தாடை மட்டும் மிஞ்சும், அதற்குள் அடுக்கடுக்காகச் சிப்பி நொறுக்குகிற தகடுகளோடு. கல்லானவற்றில் பெரும்பாலும் அந்தத் தாடையை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டாக வேண்டும். சுண்ணாம்புக்கல் குழி ஒன்றிலிருந்து வந்த ஒரு தாடையில் தகடுகள் வழக்கத்தைவிட இடுங்கி, நெருங்கி இருந்தன. இது தனி இனம் என்று போன வருஷம் ஒரு கட்டுரை எழுதி அச்சேற்றினார். தங்கச்சியின் பெயரை அதற்கு வைத்தார்.

அதற்கும் ஒரு கதை இருக்கிறது. தங்கச்சி ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. கல்யாணமாகி இத்தனை காலமாகியும் பிள்ளை இல்லை. வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லையே என்று அவள் மாமியார் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பேர் சொல்ல ஒன்றும் இல்லாத குறையைத் தங்கச்சி வெளியே காட்டிக்கொண்டதில்லை. ஆனால் மீன் வந்த பிறகு ஆளே மாறிப்போனாள். கைபேசியில் அந்தத் தாடையின் படத்தை வைத்துக்கொண்டு, படுக்கை மாற்றும்போதெல்லாம் நோயாளிகளுக்குக் காட்டுவாள். புழு பூச்சி இல்லையென்று சொன்னார்களே, மீனே இருக்கிறது பாருங்கள் என்பாள். மயக்கம் தெளியாதவர்கள்கூடத் தப்பியதில்லை.

இப்படி இருக்கையில் ஒருநாள் வாளியம்மா அவரை மாடிப்படியில் மறித்தார். மூக்கர் அனிச்சையாக ஒரு படி கீழே இறங்கி நின்றார். அந்தத் தங்கச்சி மீனை எதோடு வைத்து ஒப்பிட்டீர்கள் என்று அந்தம்மாள் கேட்டார். இயக்குநர் அறையில் தொங்குகிறதே, அதோடுதான் என்றார் மூக்கர். ஊதவைத்துக் காயப்போட்டு, வார்னிஷ் அடித்து, கண்ணுக்குக் கோலிக்குண்டு பதித்த முள்ளம்பேத்தை அது. நாற்காலி போட்டு ஏறி, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்திருந்தார். துளி நாற்றம் இல்லாத ஒப்பீடு.

"அதுக்குக் கீழ்வாயில பிளாஸ்டர் அடைச்சிருக்காங்களே சார். நீங்க பார்த்தது மேல்தாடையை மட்டும்."

மூக்கர் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார். தன்னிடம் இருக்கும் கல்லும் மேல்தாடைதான், அதனால் பாதகமில்லை என்று மெல்லச் சொன்னார்.

"மேல்தாடைன்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அவரேதான் சொல்லிக்கொண்டார். அதை இந்த அம்மாளிடம் ஒப்புக்கொள்வதற்குக் கசாப்புக்கடைச் சாக்கடையில் குளித்துவிடலாம் என்று தோன்றியது.

அந்தக் குளியலுக்கும் ஏற்பாடாகியிருந்தது. மாடியில் ஒரு முள்ளம்பேத்தை ஊறுகிறதாம். விடையை வாளியம்மாவே சொல்லிவிடலாம், ஆனால் சொல்லமாட்டாராம். புகார் எழுதிய கை தானாக உள்ளே போகட்டுமாம். ஒரு ஜோடி ரப்பர் கையுறையை நீட்டினார். இந்தச் சாதி மீனுக்கு உடம்பில் விஷம் உண்டு, முள் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உபசாரமாக வேறு சொன்னார்.

மூடியைத் திறந்ததும் வந்ததை நாற்றம் என்று சொல்வது நாற்றத்துக்கே அவமரியாதை. அது முகத்தில் அறைந்தது, தொண்டைக்குள் இறங்கி நாக்கின் அடியில் உட்கார்ந்துகொண்டது. சாம்பல் நிறத் தண்ணீர்மேல் ஆடை கட்டியிருந்தது. அந்த ஆடை லேசாக அசைந்துகொண்டிருந்தது, காற்றே இல்லாதபோது. கையை விட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது; சில்லென்று இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். தோல் ஈரக் காகிதம்போல் வழன்று விரலைச் சுற்றியது, முட்கள் கையுறையை நெருடின. ஒரு கண் மிதந்து வந்து மணிக்கட்டில் இடித்துவிட்டுப் போயிற்று.

தாடை இரண்டும் கையோடு வந்தன. குழாயில் கழுவிப் பார்த்தார். மேலே இருந்ததில் தகடுகள் அகன்று பரந்திருந்தன, இயக்குநர் அறையில் பார்த்ததுபோல. கீழே இருந்ததில் இடுங்கி, நெருங்கி இருந்தன. கோட்டுப் பையிலிருந்து கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வைத்திருக்கவே வேண்டாம். ஒரே ஜாடை.

அதே குழியிலிருந்து கிடைத்த, தகடு அகன்ற ஒரு மேல்தாடைக்கு எப்போதோ ஒரு தாடிக்கார விஞ்ஞானியின் பெயரை வைத்தாயிற்று. ஆக, தாடிக்காரரின் மேல்வாயும் தங்கச்சியின் கீழ்வாயும் ஒரே மீனினத்தின் வாய். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் விழுந்தால் முந்திய பெயர் நிற்கும், பிந்தியது செல்லாது. அதுதான் இந்தத் தொழிலின் சட்டம்.

தான் இதைப் பற்றி எழுதப்போவதில்லை என்றார் வாளியம்மா. அந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் உலகத்திலேயே நாம் இரண்டு பேராகத்தான் இருக்கும், சும்மா விட்டாலும் குடி முழுகாது என்றார். குரலில் கேலி இல்லை. தங்கச்சியின் கைபேசிக் கதை அந்தம்மாளுக்கும் தெரிந்திருந்தது; கட்டிடத்தில் யாருக்குத்தான் தெரியாது.

சும்மா விட்டுவிடலாம் என்று மூக்கரும் நினைத்தார். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தார். கை நாறியது. எலுமிச்சம்பழம் தேய்த்தார். எலுமிச்சை மணத்தோடு சேர்ந்து நாறியது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் வாளி வந்தது. மறுநாளும் வந்தது. நாற்றம் கையில் இல்லை, தனக்குள் எங்கோ கிடந்து ஊறுகிறது என்று புரிய, புத்திசாலியான அவருக்கு நாலைந்து நாள் பிடித்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் தங்கச்சி மலச்சட்டிகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இந்தப் பக்கமே வந்ததில்லை என்பதால், யாரோ செத்துவிட்டார்கள் என்று முதலில் பயந்துபோனாள். மூக்கர் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, கல்லைப் பற்றி, பிளாஸ்டர் அடைத்த வாயைப் பற்றி, வாளியைப் பற்றி, தாடிக்காரரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி, தன் கட்டுரை தப்பென்று தானே எழுதப்போவதாகவும் சொன்னார். ஆறுதலுக்கு ஒன்று மிச்சம் வைத்திருந்தார். வைத்த பெயர் அடியோடு அழியாது. இனிமேல் அந்த மீனைப் பற்றி விவரமாக எழுதுகிறவர்கள் தாடிக்காரர் பெயருக்குக் கீழே அதையும் ஒரு வரியில் குறிப்பார்கள் என்றார்.

"என்னன்னு குறிப்பாங்க?"

"செல்லாததுன்னு."

தங்கச்சி ஒரு சட்டியைக் கவிழ்த்துவைத்தாள். "நல்லா இருக்கு. உலகம் இருக்கறவரை என் பேரு செல்லாதுன்னு எழுதுவாங்க. மாமியாரு பொழைச்சு எந்திரிச்சு வந்து படிச்சாலும் படிப்பாங்க."

மூக்கர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். அவள் சிரிக்கவில்லை.

"போன வருஷமே அந்த வாளியில கைய விட்டுப் பார்த்திருக்கலாம்ல?"

முடியவில்லை என்றார். நாற்றம், தனக்கு உடம்பு வாகு அப்படி, சின்ன வயதிலிருந்தே அப்படி என்று அடுக்கினார். தங்கச்சி கையை உதறிவிட்டு அவர் முகத்தை, கைக்குட்டையை, அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மூக்கர் எங்கோ கண்டிருந்தார். லிஃப்டில் தான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது.

"பேரு போனா போகுது, அண்ணா. பாக்கப் புடிக்காம, தொடப் புடிக்காம, நாற்காலியில ஏறி நின்னு எட்டிப் பார்த்துட்டு என் பேரை ஒட்டியிருக்கியே, அதான் எனக்குக் குமட்டுது. இந்தச் சட்டியெல்லாம் எனக்குக் குமட்டல."

மூக்கர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அங்கே அடித்த வாடை அப்போதுதான் முழுசாக உறைத்தது.

அடுத்த சட்டியை எடுத்துக்கொண்டே, எத்தனை மீனில் பார்த்தாய் என்று அவள் கேட்டாள். ஒன்றில் என்றார். ஒன்றை வைத்துக்கொண்டு போன தடவை ஆமாம் என்றாய், இந்தத் தடவை ஒன்றை வைத்துக்கொண்டு இல்லை என்கிறாயா என்றாள். கேள்வி நியாயமானது, இதைவிடக் குறைந்த நியாயத்தோடு கேள்வி கேட்டவர்களை அவர் கூட்டங்களில் கைதட்டிப் பாராட்டியிருக்கிறார். தனக்கு வார லீவு வருகிறது, நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

வாளியம்மா சிறிசும் பெரிசுமாக முள்ளம்பேத்தைகளைத் தேடிப்பிடித்து ஊறப்போட்டிருந்தார். புகார்க்காரருக்காக இவ்வளவு மெனக்கெட்டதை மறைக்க, சும்மா கிடந்த வாளிகள்தான் என்றார். வார லீவில் தங்கச்சி வந்தாள். முதல் மூடி திறந்ததும் கொஞ்சம் பின்வாங்கினாள். பிறகு, எங்கள் வார்டில் சர்க்கரைக்காரர் கால் ஒன்று இருக்கிறது, அதற்கு இது பரவாயில்லை என்றாள். வாளியம்மாவுக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் எந்த அழுகலுக்கு எந்த வாசனை என்று பேச ஆரம்பித்தார்கள். கூட இருந்து கேட்கிற தண்டனையும் மூக்கருக்குச் சேர்ந்தது.

முதல் வாளியில் தாக்குப்பிடித்தார். இரண்டாவதில் கண்ணில் நீர் வந்தது. மூன்றாவதில் இருந்தது பெரிய மீன். வயிறு இன்னும் ஊதி இருந்தது. கை பட்டதும் அது ஒரு ஏப்பம் விட்டு அமிழ்ந்தது. அவ்வளவுதான். தாடையைக் கையில் இறுக்கிப் பிடித்தபடியே கைப்பிடிச் சுவரோரம் ஓடிக் குனிந்தார். காலையில் குடித்த டீ, அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது எல்லாம் வந்தன. அவருடைய ஜன்னல் விளிம்பின்மேலேயே போய் விழுந்தன.

பின்னாலிருந்து ஒரு கை வந்து நெற்றியை ஏந்திக்கொண்டது. இன்னொரு கை முதுகை நீவியது. தங்கச்சிதான். வார்டில் தினம் யாருக்காவது செய்வதை இவருக்கும் செய்தாள். அந்த உள்ளங்கையில் பினாயில் வாடை அடித்தது. மூக்கர் மூக்கைச் சுளிக்கவில்லை. சுளிக்கத் தெம்பு இல்லை என்றும் சொல்லலாம்.

வாந்தி நின்றதும் அவர் விரல்களைப் பிரித்துத் தாடையை வாங்கினாள். குழாயில் கழுவி, மற்றவற்றோடு வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றின் மேல்வாயையும் கீழ்வாயையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கடைசியில் தன் பெயர் வைத்த கல்லை எடுத்து, அதையும் அதே விரலால் தடவினாள். வாளியம்மா வேறு பக்கம் திரும்பி, மூட வேண்டிய அவசியமில்லாத ஒரு வாளியை மூடினார்.

"எல்லாத்துக்கும் கீழ இப்படித்தான் இருக்கு, அண்ணா" என்றாள் தங்கச்சி. "கைய நல்லாக் கழுவிட்டுப் போய் எழுது."