எல்வுட்டின் கல்யாணமும் மூடாத ஸ்லைடும்

எல்வுட் கெட்டவன் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அவனைத் திட்டப்போகிறேன். நல்ல மனுஷன், மனைவியை இழந்தவன், உள்ளேயே குடியிருக்கும்படியான பெரிய வீட்டுவண்டி சொந்தமாக வைத்திருப்பவன். ஆனால் அந்த வண்டியில் எங்காவது ஒரு ஆணி ஆடினால் போதும், உலகமே நின்றுவிட வேண்டும்.

இரண்டு குளிர்காலமாக அவன் ரோவீனாவைக் கட்டிக்கொள்ளப்போகிறான். முதல் தேதியன்று ஜெனரேட்டர் நின்றுபோய், மாப்பிள்ளை வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான். பாஸ்டர் காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். இரண்டாவது தேதியன்று கூரை ஏசி. அன்று மாலை, எங்கள் வீட்டுவண்டி முகாமே கூடிச் சாப்பிடும் இடத்தில், ரோவீனா எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னாள்:

"இன்னும் ஒரே ஒரு தேதி, எல்வுட். அதுவும் தள்ளிப்போச்சுன்னா நீ உன் வண்டியையே கட்டிக்கோ. நான் ஒரேகான்ல என் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தான் குடியிருந்த டிரெய்லரை விற்றேவிட்டாள். அவள் தோழியும் இந்த முகாமின் நிர்வாகியுமான நான்தான் அதற்கு ஆள் பிடித்துக்கொடுத்தேன். அதனால் இந்தத் தேதியும் தவறினால் பாதிப் பழி என் தலையில்.

மூன்றாவது தேதி வந்தது. நண்பகலில் முகாம் கூடத்தில் கல்யாணம். டிரெய்லர் போய்விட்டதால் ரோவீனா எல்வுட் வண்டியின் பின்பக்கப் படுக்கையறையில்தான் அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். மணப்பெண்ணை மாப்பிள்ளை முன்கூட்டிப் பார்த்தால் ஆகாதே! அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அவனை என் அலுவலகத்தில் உடுத்தச் சொல்லி விரட்டினேன். காகிதப் பூக்களைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

எங்கே இருப்பான்? வண்டி வாசலில் நின்றுகொண்டு, உள்ளே கையை விட்டு, சுவிட்சை அழுத்திக்கொண்டிருக்கிறான்.

"என்னடா பண்றே?"

"கல்யாணம் முடிஞ்ச கையோட கிளம்பணும்ல, நோரீன்? ஸ்லைடு ஒழுங்கா மூடுதான்னு ஒரே ஒரு தடவை பார்த்துடறேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஸ்லைடு என்பது வண்டியின் பக்கச் சுவர்தான். வண்டி நின்றதும் சோபா, மேசையோடு வெளியே நீண்டு வண்டிக்குள் இருக்கும் இடத்தை அகலமாக்கும். புறப்படும்போது எண்ணெய் அழுத்தத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொள்ள வேண்டும். அன்று மோட்டார் முனகியதே தவிர, சுவர் அசையவில்லை.

எங்கள் முகாமில் ஒருவன் வண்டியின் வயிற்றுக் கதவைத் திறந்தால் போதும். காது கேட்கும் தூரத்திலுள்ள ஆண்கள் அத்தனை பேரும் மடக்கு நாற்காலியும் காபிக் குவளையுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கல்யாணத்துக்கென்று டை கட்டிக்கொண்டிருந்தவர்களும் வந்தார்கள். ஆளாளுக்கு நாட்டாமை.

"பேட்டரி வீக்கு."

"ப்யூஸைப் பாருப்பா."

"கைபிரேக் போட்டியா? போடலேன்னா ஸ்லைடு நகராது."

"போட்டிருக்கேன்யா! நான் என்ன நேத்து வண்டி வாங்கினவனா?"

"மோட்டார் மண்டையில சுத்தியால ஒண்ணு போடு. என் வண்டிக்கு அதான் வைத்தியம்."

போட்டார்கள். மோட்டார் முன்னைவிடக் கோபமாக முனகியது. அடுத்த வரிசை வண்டிக்காரன் ஹார்லன் எண்ணெய்த் தொட்டிக்குள் எட்டிப்பார்த்தான். ஒருகாலத்தில் டிராக்டர் விற்றவன். அதனால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

"அட, எண்ணெய் பாதிக்குக் கீழ இருக்குய்யா!"

"ஸ்லைடு வெளியே இருக்கறப்ப அப்படித்தான் காட்டும்," என்றேன். "உள்ளே போனதும் அந்த எண்ணெய் தொட்டிக்கே திரும்பிடும். மூடியிலேயே போட்டிருக்கு, படி."

"எழுதறவனுக்கு என்னம்மா தெரியும்?"

ஆளுக்கொரு டப்பா கொண்டுவந்து, சிவப்பு எண்ணெயை விளிம்பு தட்டும்வரை ஊற்றினார்கள். இலவசமாக வேறு! எல்வுட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

சுவர் அப்போதும் அசையவில்லை. மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு பாஸ்டர் டில்மன் வந்தார், பால் வெள்ளையில் கோட்டும் பேன்ட்டும்.

"எல்வுட், இன்னிக்காவது உண்டா?"

"வந்துட்டேன் பாஸ்டர், இதோ, இதை மட்டும்..."

"வால்வைத் தளர்த்திட்டுக் கையாலேயே தள்ளிடலாம்," என்றான் ஹார்லன். "எல்லாரும் வாங்கப்பா! பாஸ்டர், நீங்க அந்தத் தொட்டிப் பக்கம் பிடிங்க."

ஊர் கூடித் தேர் இழுத்த கதைதான். இழுப்பதற்குப் பதில் தள்ளினார்கள். மூட்டு வலிக்காரர்கள், இடுப்பில் பட்டை கட்டியவர்கள், எல்லோரும். ஒரு முக்கல், இரண்டு முக்கல், சுவர் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. போனதும், ஸ்லைடில் இருந்த எண்ணெய் முழுவதும் தொட்டிக்குத் திரும்பியது. தொட்டியில் இடம் ஏது? மூடியைப் பிய்த்துக்கொண்டு பீறிட்டு, பாஸ்டரைத் தலையிலிருந்து கால்வரை சிவப்பாக்கியது.

யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒரே கைதட்டல், விசில். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன சத்தம்? ஸ்லைடு மூடிடுச்சா?"

"மூடிடுச்சு ரோவீனா!" என்றான் எல்வுட் பெருமையாக.

"ரொம்ப நல்லது. சோபா வந்து வழியை அடைச்சிருக்கு. நான் எப்படி வெளியே வர்றது?"

எல்வுட் ஓடிப்போய்ச் சுவிட்சை அழுத்தினான். மோட்டார் வெறுமனே சுற்றியது.

"வால்வு திறந்தே கிடக்கு, தொட்டியும் வடியுது," என்றான் ஹார்லன். "கவலைப்படாதே. கழட்டி மாட்டினா ஒரு மணி நேரம்."

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது இருட்டும்வரை நீளும். எல்வுட்டின் கை தானாகவே ஸ்பானரை எடுத்துவிட்டது. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது.

பின்பக்கத்து அவசர ஜன்னல் திறந்தது. ரோவீனா தலையை நீட்டினாள். தலையில் பூ, கண்ணில் மை, முகத்தில் சிரிப்பே இல்லை.

"இந்தப் பக்கம் பார்க்காதே, எல்வுட். திரும்பி நில்லு. இப்ப சொல்லு, எவ்வளவு நேரமாகும்?"

அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்தான். நான் அவன் இடுப்பில் கிள்ளினேன்.

"தெரியல," என்றான். ஸ்பானரை மண்ணில் போட்டான். "நோரீன், ஏணி எங்கே?"

"யோவ், வால்வை மூடுய்யா முதல்ல!" என்று கத்தினான் ஹார்லன். "எண்ணெய் பூரா போயிடும்!"

"போகட்டும்."

அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று யாரும் நினைத்ததில்லை. ஹார்லன் தொப்பியையே கழற்றிவிட்டான். நான் ஏணியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் சாத்தினேன். எல்வுட் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவித்தடவி ஏறினான். சிவப்புப் பாஸ்டர் கீழே நின்று கல்யாண உறுதிமொழியை மந்திரம் மாதிரி கடகடவென்று படித்தார். அவருக்கும் பயம், யாராவது மறுபடி ஸ்பானரை எடுத்துவிடுவார்களோ என்று.

எல்வுட் சம்மதம் என்றான். ரோவீனாவின் முறை வந்தது.

"ஒரு நிமிஷம், பாஸ்டர். எல்வுட், வண்டியில வேற ஏதாவது கோளாறு இருக்கா?"

பொய் சொல்லடா என்று வேண்டிக்கொண்டேன்.

"நிறைய இருக்கு."

"சரி பண்ணப்போறியா?"

"இன்னிக்கு இல்ல."

"அப்ப சம்மதம். கண்ணைத் திற."

திறந்தான். பிறகு அவன் ஜன்னல் வழியாக உள்ளே நுழையப் பார்த்து நடுவில் மாட்டிக்கொள்ள, நாங்கள் காலைப் பிடித்துத் தள்ளினோம். தள்ளித் தள்ளி அன்று எங்களுக்கு நல்ல பழக்கம். கேக்கையும் ஏணி வழியாகத்தான் கொடுத்தோம்.

மறுநாள் காலை, புது எண்ணெய் டப்பாவும் மடக்கு நாற்காலியுமாக ஹார்லன் வந்து சுவரைத் தட்டினான்.

"எல்வுட்! வால்வை மூடிட்டேன். எண்ணெயும் கொண்டாந்திருக்கேன். ஸ்லைடைத் திறந்துடலாமா?"

உள்ளே ரோவீனா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"என்னய்யா அவசரம்?" என்றான் எல்வுட். "அது பாட்டுக்கு மூடிக் கிடக்கட்டும்."

ஹார்லன் நாற்காலியை மடக்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி காபி குடிக்க என் அலுவலகத்துக்கு வந்தான்.