ஜன்னல்காரிக்கு ஒரு கார்டு

என் கணவர் ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். கடிகாரத்தை மட்டும் அனுப்பியிருக்கலாமே என்று எனக்குத் தோன்ற அதிக நாள் ஆகவில்லை.

குழாய் செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். நட்டு, போல்ட், வாஷர் என்று அளவுவாரியாகப் பிரித்து, பெட்டியில் போட்டு, பெட்டி மேல் சீட்டு ஒட்டி, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தே காலத்தை ஓட்டியவர். நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதை நான் யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும், "ஆனா அவர் நல்ல மனுஷராச்சே" என்று பாதியில் என் வாயை அடைத்துவிடுகிறார்கள். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குரலைக்கூட உயர்த்த மாட்டார். என் மேல் கொள்ளைப் பிரியம். சிக்கலே அதுதான்.

நான் தையல்காரி. புதுத் துணி தைப்பதில்லை. இளைத்தவர்களுக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுப்பேன், பெருத்தவர்களுக்கு உள்ளே மடித்து விட்ட துணியைத் தேடிப் பிரித்துக் கொடுப்பேன். முன்னறையில் ஜன்னலை ஒட்டித்தான் என் தையல் மெஷின். காலையில் அவர் வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை அந்த ஜன்னலும் நானும்தான்.

வெளியூரில் வேலை பார்க்கும் என் மகள்தான் என்னை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டாள். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் படம் போட்ட அஞ்சலட்டை அனுப்பிக்கொள்ளும் குழு. நாம் ஒரு முகவரிக்குக் கார்டு போட்டால், எங்கிருந்தோ யாரோ நமக்கு ஒன்று போடுவார்கள். முதலில் எனக்கு அது வேலையற்ற வேலையாகத்தான் பட்டது. முதல் கார்டு வந்து சேர்ந்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

எல்லோரும் முன்பக்கத்துப் படத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பின்பக்கம்தான் பிடிக்கும். முத்திரை குத்தியவர் அவசரத்தில் இழுத்துவிட்ட மை, மழையில் ஊறி உப்பிய மூலை, இடம் போதாமல் ஓரமாக ஏறி வளைந்து போகும் கையெழுத்து, எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்ப்பேன். ஒரு துணி எத்தனை பேர் கைக்குப் போய் வந்தது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். கார்டும் எனக்கு அப்படித்தான். படித்து முடித்ததும் மெஷினுக்கு அடியில் இருக்கும் இழுப்பறையில், பாபின்களுக்கும் உடைந்த பட்டன்களுக்கும் நடுவே போட்டு வைப்பேன். அவர் எட்டிப் பார்க்காத ஒரே இடம் வீட்டில் அதுதான்.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் ஜன்னல்காரி. பெயர் கார்டிலேயே இருந்தது. ஆனால் மனசுக்குள் நான் அவளை அப்படித்தான் கூப்பிட்டேன். அவளுடைய முதல் கார்டில் ஒரு கலங்கரை விளக்கத்தின் படம். பின்னால், எங்கள் இருவருக்குமே அரைகுறையாகத் தெரிந்த ஒரு பொது மொழியில் இவ்வளவுதான் எழுதியிருந்தாள்: 'என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. என் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது கையில் ஏணி இல்லை.'

எனக்கு அன்று முழுக்க அந்த ஏணி ஞாபகம்தான். அவளுக்குப் பதில் போட்டேன். 'எதிர் மாடியில் ஒரு சிவப்புப் போர்வை காய்கிறது. காய்ந்து பல நாள் ஆகிவிட்டது. யாரும் எடுக்கவில்லை.' அடுத்த கார்டில், 'போர்வையை எடுத்துவிட்டார்களா?' என்று கேட்டிருந்தாள். குழுவின் கணக்குக்கு ஒருவருக்கு ஒரு கார்டு போதும். நாங்கள் மட்டும் நிறுத்தவேயில்லை. வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலில் தெரிந்ததை மட்டும் எழுதுவது, வேறு எதையும் கேட்காமலிருப்பது என்று பேசாமலே ஓர் ஒப்பந்தம். உள்ளங்கையகல இடத்தில் நான் யாருக்கும் மனைவி இல்லை, அம்மா இல்லை, அக்கா இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய சுகம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஓய்வு பெற்று வந்தவர் முதலில் சமையலறை டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டினார். உப்பு டப்பாவில் 'உப்பு' என்று எழுதி ஒட்டினால் எனக்கென்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன். அடுத்து, நான் தனியாகப் போய்க்கொண்டிருந்த சாயங்கால நடைக்குக் கூட வந்தார். வந்தவர் பாதையையும் மாற்றினார், அதில் மேடு குறைவாம். பிறகு ஒரு நாள் மெஷினுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்தார்.

"அடேயப்பா! இவ்வளவு வெச்சிருக்கியா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

கோபம் ஒன்றும் இல்லை. கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். வேலை போனவருக்கு மறுபடியும் வேலை கிடைத்த வெளிச்சம்.

பட்டன் வாங்கக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். கதவைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது, கடக், கடக் என்று. கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் என் கார்டுகள், மறுபக்கம் புது ஃபைல்கள், நடுவில் அலுவலகத்தில் காகிதத்துக்குத் துளை போடுவார்களே, அந்தக் கருவி. தரையெல்லாம் வட்ட வட்டமாகக் காகிதப் பொட்டுகள்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க!"

"ஃபைல் போடறேன். நாடு வாரியா. இப்படிக் கலைஞ்சு கெடந்தா ஒண்ணு காணாமப் போனாக்கூட உனக்குத் தெரியாது."

கலங்கரை விளக்கத்தைத் தேடி எடுத்தேன். வேலை சுத்தமான வேலை. ஓரத்திலிருந்து அளந்து போட்ட இரண்டு துளை. ஒன்று விளக்கு இருக்கும் இடத்திலேயே விழுந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் 'ஏணி' என்ற சொல் இருந்த இடம் ஓட்டை. இனி அந்த ஆள் போகும்போதும் கையில் ஏணி கிடையாது.

திட்டலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை. துடைப்பத்தை எடுத்து வந்து பொட்டுகளைக் கூட்டினேன். கடல் நீலம், கூரைச் சிவப்பு, யாரோ ஒருவருடைய ஒரு கண். எல்லாம் குப்பைக்குப் போயின.

தங்கையிடம் போனில் புலம்பினேன். "குடுத்து வெச்சவக்கா நீ. எங்க வீட்டுக்காரருக்கு நான் என்ன வேலை செய்யறேன்னுகூடத் தெரியாது" என்றாள். மகளிடம் சொன்னேன். "விடும்மா, அப்பாவுக்கும் ஒரு பொழுதுபோக்கு கெடைச்சுதுல்ல" என்றாள். இரண்டு பேருமே என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு கார்டு எழுதுவது இரண்டு பேர் வேலையாகிவிட்டது. அந்தப் பொது மொழி அவருக்கு நன்றாகவே வரும், அலுவலகத்தில் அதில்தான் கடிதப் போக்குவரத்தெல்லாம். நான் எழுதி வைத்ததை வாங்கிப் படித்துப் பென்சிலால் திருத்துவார். "ஒரு மனுஷன் ஓடறான்னு மொட்டையா எழுதினா எப்படி? ஏன் ஓடறான்னு எழுத வேண்டாமா?" என்பார். தபால் பெட்டி வரைக்கும் கூடவே வருவார். முதலில் வந்ததற்கு முதலில் பதில் போக வேண்டும் என்பது அவருடைய ஸ்டோர் சட்டம். அதனால் ஜன்னல்காரி தன் முறை வரும்வரை வரிசையில் நின்றாள்.

நான் அவளுக்கு எழுதுவதையே தள்ளிப் போட்டேன். கை வலி என்றேன், தையல் நிறைய இருக்கிறது என்றேன். இவர் ஏதாவது ஒரு கல்யாணத்துக்கோ காரியத்துக்கோ தனியாக வெளியூர் போவார், அப்போது யாரும் பார்க்காமல் ஒரே ஒரு கார்டு எழுதிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் எங்கேயும் போகவில்லை. என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போக மனசு வராதாம்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் கீழே போய்த் தபாலை எடுத்து வந்தவர், வாசலிலேயே நின்று படித்துச் சிரித்தார்.

"யார் போட்டிருக்காங்க?"

"உன் சிநேகிதிதான். எனக்குப் போட்டிருக்காங்க."

வாங்கிப் பார்த்தேன். ஜன்னல்காரியின் கையெழுத்துதான். முகவரியில் அவர் பெயர். கார்டு முழுக்க இடம் விடாமல் பொடி எழுத்து. நான் எழுதாமல் இருந்ததைப் பார்த்து, பாவம் அந்த அம்மா காத்திருப்பார்களே என்று இவரே எழுதிப் போட்டிருக்கிறார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. தன்னைப் பற்றி, எங்கள் மகளைப் பற்றி, என் முழங்கால் வலியைப் பற்றி, எல்லாமே. கூடவே அவளைப் பற்றியும் கேட்டிருக்கிறார்.

"அவங்க புருஷன் விட்டுட்டுப் போயிட்டாராம். படுத்த படுக்கையா ஒரு தம்பி, அவனை விட்டுட்டு எங்கயும் நகர முடியாதாம். அதான் எந்நேரமும் ஜன்னல்லயே உக்காந்திருக்காங்க. இத்தனை வருஷத்துல உனக்குத் தெரியாதது ரெண்டே கார்டுல எனக்குத் தெரிஞ்சு போச்சு பாரு!"

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலில் என்ன தெரிந்தது என்று ஒரு வரிகூட இல்லை.

என் கல்யாண வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கத்தினேன். "உங்களை யாரு கேட்டா? உப்புக்குச் சீட்டு ஒட்டினீங்க, சும்மா இருந்தேன். என் நடையை எடுத்துக்கிட்டீங்க, சும்மா இருந்தேன். இது என்னோடது! எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். அவ யாரு என்னன்னு தெரியாம இருந்ததுதான் எனக்கு வேணும். நான் யாருன்னு அவளுக்குத் தெரியாம இருந்ததுதான் எனக்கு வேணும். இப்போ அவளுக்கு என் முழங்கால் வரைக்கும் தெரியும்!"

அவர் திகைத்துப் போய் நின்றார். "உனக்கு உதவியா இருக்கட்டும்னுதானே..." என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து எதையோ அறுப்பதும் தேய்ப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் மெஷின் மேல் ஒரு மரப்பெட்டியைக் கொண்டு வந்து வைத்தார். கார்டு அளவுக்கே செய்தது, மூலையெல்லாம் உப்புத் தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தது. மூடியில் ஒரு சின்னப் பூட்டு. சீட்டு மட்டும் ஒட்டவில்லை.

"இது உன்னோடது. உள்ள என்ன இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று சாவியை என் கையில் வைத்தார்.

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பொய் சொல்வானேன், இவரையா கரித்துக் கொட்டினோம் என்று கூச்சமாக இருந்தது. அன்று மத்தியானம் அவர் உள்ளே படுத்திருக்க, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கார்டு எழுதினேன். 'உன்னைப் பற்றி என் கணவர் சொன்னதை நான் மறந்துவிட்டேன். என்னைப் பற்றி அவர் எழுதியதை நீயும் மறந்துவிடு. எதிர் மாடியில் புதிதாக யாரோ குடி வந்திருக்கிறார்கள். பழைய துணிக்கொடியை அவிழ்க்க முடியாமல் அறுத்துப் போட்டார்கள். உனக்கு என்ன தெரிகிறது?' பிழையோ இல்லையோ, என் எழுத்து. பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பாபின் டப்பாவுக்குள் போட்டேன். காலையில் அவர் குளிக்கப் போகும்போது நழுவிப் போய்த் தபாலில் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

காலையில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பெட்டியைத் திறந்தேன். கார்டு நான் வைத்த இடத்திலேயே, வைத்தபடியே இருந்தது. எடுத்துத் திருப்பினேன். மூலையில் ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. நான் ஒட்டும் ஸ்டாம்ப் எப்போதும் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். இது ஓரத்துக்கு ஓரம் சரியாக அளந்து ஒட்டியது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"நேத்து ஸ்டாம்ப் ஒட்ட மறந்துட்டே. அப்படியே போட்டிருந்தா திரும்பி வந்திருக்கும்."

"எப்படித் திறந்தீங்க?"

சுவரில் மாட்டியிருந்த தன் சாவிக் கொத்தை எடுத்துக் காட்டினார். வாசல் கதவு, பீரோ, சைக்கிள், தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொரு சாவிக்கும் ஒரு தகடு. கடைசியில் புதுச் சாவி ஒன்று. அதன் தகட்டில், குண்டு குண்டான அவர் கையெழுத்தில், 'மனைவி - தனிப்பட்டது - நகல்' என்று எழுதியிருந்தது.

"ஸ்டோர்ல எந்தப் பூட்டுக்கும் ஒத்தைச் சாவி வெச்சதே இல்ல. நீ தொலைச்சுட்டா அப்புறம் என்ன பண்ணுவே?" என்றார். கேலியே இல்லை, உண்மையான கவலை. பிறகு அவசரமாகச் சொன்னார். "ஆனா படிக்கல. சத்தியமா ஒரு எழுத்துகூடப் படிக்கல."

படித்திருக்க மாட்டார். அதை நான் நம்புகிறேன். சொன்னேனே, நல்ல மனுஷர்.

சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். "வா, காலைத் தபால் எடுக்கறதுக்குள்ள போட்டுட்டு வந்துடலாம். அப்படியே நடந்த மாதிரியும் ஆச்சு."

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன். நான் மாட்டிக்கொள்ள வசதியாக, அதை அவர் ஏற்கெனவே வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்.