ஐம்பது நிமிடப் பயணம்

அந்த டிராவல்ஸ் அலுவலகத்தில் அவளை எல்லோரும் டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு சிடுசிடுப்பான ஆளையும் ஜன்னலோர சீட்டு கொடுத்துச் சிரிக்கவைத்து அனுப்புகிற பொறுமைசாலி. அந்தப் பொறுமையெல்லாம் அண்ணன் பேச்சை எடுக்கிற வரைக்கும்தான்.

அப்பா இறந்தது அண்ணன் ஊரில். "ஃப்ளைட்டுல அம்பது நிமிஷம்தானே, ஆற அமர வா. நீ வராம எடுக்க மாட்டோம்" என்று சொன்னவன் அவன்தான். நம்பிப் போனாள். அங்கே விமான நிலையம் ஒரு மூலை, வீடு ஒரு மூலை. பாலத்து நெரிசலில் டாக்ஸி நகரவே இல்லை. போனில் கெஞ்சினாள். சரி சரி என்றவன், காத்திருக்காமல் அடக்கத்தை முடித்துவிட்டான். அவள் பார்த்தது ஈர மண்ணைத்தான். அதோடு விட்டானா, பாவி? ஐம்பது நிமிடத்தில் வர மனசில்லாதவள் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்தான். அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. அவள் வயிற்றெரிச்சலும் அடங்கவில்லை.

இப்போது அண்ணன் மகளுக்குப் பதிவுத் திருமணம். பெண் வேலை பார்க்கும் இவள் ஊரில்தான். தாயில்லாத பெண், அவளுக்கு எல்லாமே அப்பாதான்.

அண்ணன் கூச்சமே இல்லாமல் போன் செய்தான். முதல் விமானம் விடியுமுன்பே கிளம்புகிறதே, அடுத்ததில் வந்தால் போதாதா என்று கேட்டான். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே பறக்கும் நேரத்தை இன்டர்நெட்டில் பார்த்தானாம், ஐம்பது நிமிடம்தானாம். அவன் மனதில் இருந்தது இவள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த பழைய விமான நிலையம். அதை மூடிவிட்டு, ஊருக்கு வெகுதூரத்தில் பொட்டல் வெளியில் புதிதாக ஒன்றைத் திறந்திருந்தார்கள். அங்கிருந்து ஊருக்குள் வர, பறந்து வந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஆகும். வருகிற ஒவ்வொருவரிடமும் அதைப் பாடம்போல் ஒப்பிப்பதே அவள் வேலை.

"அம்பது நிமிஷம்தாண்ணா. ஆற அமர வா" என்றாள், தேனொழுக. அடுத்த விமானத்துக்கே டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தாள்.

அன்று சனிக்கிழமை, பதிவு அலுவலகம் அரை நாள்தான். மணப்பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கைப்பையும் போனும் அத்தையின் மடியில். அண்ணன் வழியிலிருந்து கூப்பிட்டுக் கெஞ்சினான். சரி சரி என்று இவளும் சொன்னாள், யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரி இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். மூன்றாம் தரம், இனி திங்கட்கிழமைதான் என்று எழுந்தார். மாப்பிள்ளையோ அடுத்த நாள் வெளிநாடு கிளம்புகிறவன். வேறு வழியில்லை. அப்பா போடவேண்டிய சாட்சிக் கையெழுத்தை அத்தை அழுத்திப் போட்டாள்.

எல்லாம் முடிந்து வெளியே வரும்போது அண்ணன் வியர்வையில் தொப்பலாக நனைந்த சட்டையோடு ஓடிவந்தான்.

"அம்பது நிமிஷம்தானே? வர மனசில்லையா உனக்கு?" என்று சொந்தக்காரர்கள் நடுவில் கேட்டாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "அத்தை, டிக்கெட் போட்டது நீங்கதானே?"

ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அன்னிக்கு தாத்தாவ எடுக்காதீங்க, அத்தை வரட்டும்னு அழுதது நான் ஒருத்திதான்" என்றாள் பெண். அத்தையிடமிருந்து தன் போனை வாங்கிக்கொண்டு, அப்பாவோடு படியிறங்கிப் போனாள்.