வெள்ளைத் தண்ணி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். லாட்ஜ் சலவைக்கூடத்துல இருபது வருஷமா அடுத்தவங்க படுத்த விரிப்பைத் துவைக்கிறேன். எந்தக் கறை எதுன்னு தூரத்துலேர்ந்தே சொல்லிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்துச்சு.

தம்பி பெயிண்டர். அவன் கால் சாரம் ஏறினாத்தான் அவன் வீட்டுல அடுப்பு எரியும். சாரத்துலேர்ந்து விழுந்து முழங்காலுக்குக் கீழ எலும்பு உடைஞ்சு, உள்ளே சீழ் வச்சிருச்சு. டாக்டர் எலும்பைச் சுரண்டி, ஆன்டிபயாடிக் கலந்த வெள்ளை உருண்டைகளை அந்தக் குழிக்குள்ளயே வச்சுத் தைச்சார். "மருந்து நேரா எலும்புக்கே போகும். உருண்டை தானா கரையும். அப்போ தையல் வழியா வெள்ளையா தண்ணி வரும், பயப்படாதீங்க. நிறம் மாறினாலோ நாத்தம் வந்தாலோ உடனே வந்துடுங்க"ன்னார். கேட்டுக்கிட்டு நின்னது நான்தான்.

வீட்டுக்கு வந்த மூணாவது நாள் கட்டு நனைஞ்சுது. பால் மாதிரி வெள்ளை. தம்பி பொண்டாட்டி அலறிட்டா. "ஐயோ, ஊரைக் கூட்டாதடி! டாக்டரே சொன்னதுதான்"னு அடக்கினேன். ரெண்டு நாள்ல அது நின்னுடுச்சு. எனக்குப் பெருமையில தலைகால் புரியல.

அடுத்த வாரம் கட்டை அவிழ்த்தவ, "அண்ணி, மஞ்சளா இருக்கு. நாத்தமும் அடிக்குது. போய்க் காட்டலாமா?"ன்னா.

பார்த்தேன். மஞ்சள்தான். வேலையில இருந்திருந்தா சீழ்னு அந்தத் துணியைத் தனியா ஒதுக்கியிருப்பேன். ஆனா ஒரு தடவை நானே அடக்கினவகிட்ட இறங்கிப் போக மனசு வரல. "மருந்து கரையறப்போ அப்படித்தான் இருக்கும். நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா?"ன்னேன்.

தம்பி சிரிச்சான். "விடு. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அதுலேர்ந்து பத்தாவது நாள் காய்ச்சல்ல அவன் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அள்ளிக்கிட்டு ஓடினோம்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். "எலும்பு மொத்தமும் போச்சு. காலை எடுத்தாத்தான் ஆள் பிழைப்பார். எப்போ நிறம் மாறுச்சு?"

"நேத்துதான் டாக்டர்," தம்பி முந்திக்கிட்டான். அந்தக் காய்ச்சல்லயும் என்னைக் காட்டிக்கொடுக்கல, பாவி.

"இல்ல. பத்து நாளாச்சு. நான்தான் ஒண்ணுமில்லன்னேன்." நானே ஒத்துக்கிட்டேன்.

டாக்டர் திட்டல. திட்டியிருந்தா தேவலாம். சம்மதத் தாளை மேஜைமேல வச்சார். தம்பி பொண்டாட்டி பேனாவை எடுத்தா. அப்புறம் அதை என் கையில வச்சா.

"நீங்களே போடுங்க அண்ணி. இவ்வளவு நாளும் நீங்கதானே சொன்னீங்க."