எட்டு மணிப் பூநாரைகள்

சுகுமார் கள்ளக் கணக்கு எழுதுகிறான் என்று ஜீவரத்தினத்துக்குச் சந்தேகம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சாதாரணச் சந்தேகம் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் சுகுமார் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

ஜீவரத்தினம் தாம்பரத்தில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. பத்தொன்பது வருஷமாக, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டு உப்பங்கழிக்குப் போய்ப் பூநாரை எண்ணுவது அவருடைய விரதம். கழி பெரியது. ஒரு கரையில் நின்றால் மறுகரைச் சேறு தெரியாது. அதனால் கிழக்கே முட்டுக்காட்டுப் பக்கத்தை அவரும் அவர் சபையைச் சேர்ந்த ஈவ்லினும் ஜாய்சனும் எண்ணுவார்கள். மேற்கே சிறுசேரிப் பக்கம் சுகுமாருக்கு. அவன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், இப்போது அங்கேயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் அறுநூறு வரும். பத்தொன்பது வருஷமும் ஏறக்குறைய அதே அறுநூறுதான். சுற்றுவட்டாரமே கான்கிரீட் ஆனாலும் எங்கள் பூநாரை குறையவில்லை என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் மனுஷர் மார்தட்டினார்.

அந்தக் கணக்குக்கு இப்போது வேலை வந்திருந்தது. கழிக்கரையில் விளக்கெல்லாம் போட்டு நடைபாதை அமைக்கலாமா என்று முடிவு செய்யும் குழு, பத்தொன்பது வருஷக் கணக்கையும் செவ்வாய்க்கிழமைக்குள் கேட்டிருந்தது. பறவை குறையவில்லை என்றால் பாதை வந்துவிடும். பழைய தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பியபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. போன வருஷம் முட்டுக்காடு 298, சிறுசேரி 301. அதற்கு முந்தின வருஷம் 320, 318. அதற்கும் முந்தி 305, 305! ஆரம்ப வருஷங்களில் இப்படி இல்லை. ஒரு பக்கம் இருநூறு இருந்தால் மறுபக்கம் நானூறு இருந்தது. டெலஸ்கோப் வந்த பிறகுதான் இந்தக் கூத்து.

டெலஸ்கோப் வருவதற்கு முன் இரண்டு பக்கமும் காலை ஆறு மணிக்கே பைனாகுலரோடு நின்று எண்ணினார்கள். பத்து வருஷத்துக்கு முன் ஜீவரத்தினம் டெலஸ்கோப் வாங்கினார். ஒன்றே ஒன்று. ஆகவே முறை வைக்க வேண்டியதாயிற்று. சபைக்காரர்களுக்கு எட்டரைக்கு ஆராதனை இருந்ததால் முதல் முறை அவர்களுக்கு. ஏழரைக்கு சுகுமார் பைக்கில் வந்து டெலஸ்கோப்பை வாங்கிக்கொண்டு போய், எட்டு மணிக்குத் தன் பக்கம் எண்ணுவான். எண்ணிக்கை எழுதிய தாளும் கூடவே போகும்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று வாத்தியார் முடிவு கட்டினார். நம் எண்ணைப் பார்த்து, இரண்டைக் கூட்டி மூன்றைக் கழித்து, டீக்கடையில் உட்கார்ந்தே எழுதிவிடுகிறான் படுபாவி. நடைபாதை அவன் கம்பெனி வாசல் வரைக்கும் வரப்போகிறதாமே!

"அவரையே கேட்டுட வேண்டியதுதானே?" என்றாள் மனைவி தபீதாள்.

"கேட்டா ஒத்துக்குவானா? கையும் களவுமா பிடிக்கணும்."

"பூநாரைக்கு ஒரு சிபிஐ" என்று சொல்லிவிட்டு அவள் காய் நறுக்கப் போனாள்.

இந்த வருஷ ஞாயிறு வந்தது. கிழக்கே 309. ஜீவரத்தினம் அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வெற்றுத் தாளை டெலஸ்கோப்போடு நீட்டினார்.

"இன்னா சார், தாளு காலியா கீது?" என்றான் சுகுமார்.

"எங்க நம்பர் ஈவ்லின்கிட்ட இருக்கு. நீ உன்னோடதை எழுது போதும்."

ஈவ்லினும் ஜாய்சனும் காரில் ஆராதனைக்குப் போனார்கள். ஸ்கூட்டரில் பின்னால் வருவதாகச் சொன்ன ஜீவரத்தினம், சுகுமாரின் பைக் கண்ணில் படும் தூரத்திலேயே சுற்றி வளைத்துச் சிறுசேரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுவிட்டு ஒருத்தனை வேவு பார்க்கிறோமே என்று மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் நின்றிருந்த ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்.

சுகுமார் டெலஸ்கோப்பை நிறுத்திவிட்டுக் கரையில் சும்மா உட்கார்ந்தான். எதிரே சேறு விரிந்து கிடந்தது. அதில் ஒரு பூநாரைகூட இல்லை. ஜீவரத்தினம் போனை வெளியே எடுத்தார். ஒன்றுகூட இல்லாத இடத்திலிருந்தா பத்து வருஷமாக முந்நூறு எழுதினான்? சாட்சிக்கு இருக்கட்டும் என்று வெறும் சேற்றைப் போனில் நான்கு படம் எடுத்தார். சுகுமார் வாட்சைப் பார்த்தான். யாருக்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கம்பெனி ஆள் யாராவது வந்தால் அவனையும் படம் பிடித்துவிடலாம் என்று போனைத் தயாராக வைத்துக்கொண்டார்.

எட்டு மணிக்கு வந்தது ஆள் இல்லை. கிழக்கே முட்டுக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய கூட்டம், கழுத்தை நீட்டிக்கொண்டு, இளஞ்சிவப்புச் சிறகடித்து நேராக இந்தச் சேற்றில் வந்து இறங்கியது. சுகுமார் எழுந்து டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தான். உதடு அசைய, பத்துப் பத்தாக, நிதானமாக எண்ணினான். முடித்துவிட்டு இன்னொரு முறை முதலிலிருந்து எண்ணினான். அப்புறம்தான் எழுதினான்.

ஜீவரத்தினம் லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"சார்? சர்ச்சுக்குப் போவலயா?"

"எவ்வளவு?"

"முந்நூத்தி ஏழு. ரெண்டு தபா எண்ணிட்டேன் சார்."

"இதுங்க எப்பவுமே இந்த நேரத்துக்குத்தான் இங்க வருதா?"

"ஆமா சார். ஏழே முக்காலுக்கு உங்க பக்கம் வலைக்காரங்க எறங்கிடுவாங்க. எல்லாம் கெளம்பி இங்க வந்துரும். அதுக்குத்தானே வெயிட் பண்ணிகினு இருந்தேன்."

பத்து வருஷமாக ஏழரைக்கே கிளம்பிப்போன ஜீவரத்தினம் அந்த வலைக்காரர்களை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"இதை ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே சார். டெலஸ்கோப் வந்த மொதோ வருசமே கேட்டேன். அங்கேர்ந்து வர்றதையும் எழுதணுமான்னு. சர்ச்சுக்கு லேட்டாவுதுன்னு நீங்க ஸ்கூட்டர்ல குந்திகினு இருந்தீங்க. கண்ணுல படுறதை எழுது, ஆராய்ச்சி பண்ணாதேன்னீங்க."

சொல்லியிருப்பார். அவர் சொல்லக்கூடிய வார்த்தைதான் அது. ஜீவரத்தினத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சுகுமார், நான் உன்னைப் பிடிக்கத்தான் வந்தேன். எங்க நம்பரைப் பார்த்து எழுதறேன்னு நெனைச்சேன்."

சுகுமார் டெலஸ்கோப்பின் மூடியைத் திருகினான். அது ஏற்கெனவே இறுகியிருந்தும் திருகிக்கொண்டே இருந்தான்.

ஜீவரத்தினம் சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் 309-ஐப் பார்த்தான், தன் 307-ஐப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது.

"அப்ப இது ரெண்டும் ஒண்ணுதானா சார்? மொத்தமே முந்நூறுதானா?"

"மொத்தமே முந்நூறுதான்."

"ஆறு மணிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா எண்ணினோமே, அப்ப நெசமாவே அறுநூறு இருந்துச்சே. மீதி முந்நூறு எங்க சார் போச்சு?"

ஜீவரத்தினத்திடம் பத்தொன்பது வருஷத் தாளும் இருந்தது. அதற்குப் பதில் ஒரு தாளிலும் இல்லை.