இடது காலுக்கு ஒரு மிதிபலகை

அம்சவல்லிக்கு மூக்கு மேல் கோபம் என்று என் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மைதான். ஆனால் அன்றைக்கு அரசு மேல் வந்த கோபத்துக்கு நான் பொறுப்பில்லை.

அரசு என் வீட்டுக்காரன். முழுப்பெயர் திருநாவுக்கரசு. ஒரகடத்தில் கார் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் லைன் லீடர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே லைனில் நின்றவர்கள் என்பதால் எங்களுக்குள் இன்னும் நீ, வா, போதான். இரண்டு வருடத்துக்கு முன் தண்டலத்தில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்தேன். இடது தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, பலம் வரவில்லை. எட்டு மணி நேரம் நிற்கிற வேலை எனக்கு முடிந்துபோனது. சீரியல் பார்த்தே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால், காஞ்சிபுரத்தில் ஆறு மாத நெசவுப் பயிற்சியில் சேர்ந்தேன்.

தறிக்குக் கீழே இரண்டு மிதிபலகை இருக்கும். வலது காலால் ஒன்றை மிதித்தால் பாவு நூல் இரண்டு அடுக்காகப் பிரியும், நடுவில் ஊடை நூல் சுற்றிய நாடாவை விட வேண்டும். அடுத்து இடது காலால் மற்றதை மிதிக்க வேண்டும். முதலில் என் இடது கால் பலகை மேல் சும்மா கிடந்தது. கையால் முட்டியை அமுக்கி ஒப்பேற்றினேன். கடைசி மாதம் ஒருநாள் அது தானாகவே அழுத்தியது. பாதிதான், ஆனாலும் நாடா போய்விட்டது. பாத்ரூமுக்குள் போய் அழுதேன். வீட்டில் மூச்சு விடவில்லை. சொந்தத் தறி வந்ததும் அரசு முன்னால் மிதித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை.

சுங்குவார்சத்திரத்தில் எங்களுக்கு மாடியில் வாடகை வீடு. குழித்தறி போட்டால் கீழ்வீட்டுக்காரர் தலையில்தான் விழ வேண்டும். அதனால் தரைமேல் நிற்கிற சட்டத் தறி வாங்கினோம். குட்டியானை வண்டியில் கட்டை கட்டையாக வந்து இறங்கியது. அரசு லீவு போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூட்டினான். முறுக்கிய போல்ட் ஒவ்வொன்றுக்கும் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தான், கம்பெனி வழக்கம் எங்கே போகும். நான் இரண்டு நாள் உட்கார்ந்து பாவு கோத்தேன். மிதிபலகை கட்டுவது மட்டும் பாக்கி. நான் பிசியோதெரபிக்குப் போய் வருவதற்குள் முடித்துவைப்பதாகச் சொன்னான்.

வந்து பார்க்கிறேன், இரண்டு பலகையையும் வலது பக்கமே ஒட்டினாற்போல் கட்டியிருக்கிறான். வலது காலாலேயே இரண்டையும் மாறி மாறி மிதித்துக்கொள்ளலாமாம். இடது காலை வைத்துக்கொள்ள ஒரு சின்ன மணை, அதன் மேல் ஸ்பாஞ்ச், அதற்கு மேல் ரெக்சின். லைனில் ஒரு இடத்தில் ஆள் திணறினால் அந்த வேலையைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுவார்கள். அதையே என் கால்களுக்கும் செய்திருந்தான். முகமெல்லாம் பெருமை வேறு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையைக் கட்டிலில் எறிந்தேன்.

“இந்தக் கால இன்னான்னு நெனச்சே? ரிஜெக்ட் பீஸா?”

அவன் திருதிருவென விழித்தான். நான் விடவில்லை. பயிற்சியில் கால் அழுத்தியதை, பாத்ரூமில் அழுததை, எல்லாவற்றையும் கொட்டினேன். ஆசையாகக் காட்ட நினைத்ததை இப்படித் திட்டிக்கொண்டே சொல்ல வைத்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்துத் திட்டினேன். அவன் ரெக்சினைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

“படி ஏறும்போது நீ மொகத்த செவுத்துப் பக்கம் திருப்பிக்கிறே அம்சா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறே. ரெண்டு வருசமா பாத்துக்கினுதான் கீறேன். இங்கயாச்சும் வலிக்காம இருக்கட்டும்னுதான் கட்னேன்.”

பாவி, படியில் எப்போதும் எனக்குப் பின்னாலேயே வந்தது இதற்குத்தானா. அவன் மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. கோபமும் போகவில்லை.

அவிழ்த்துக் கட்டச் சொன்னேன். மறுபேச்சு பேசாமல் ஒரு பலகையை இடது பக்கம் மாற்றினான், மணையை ஓரமாக நகர்த்தினான். நான் தறியில் உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டான்.

வலது காலால் மிதித்தேன், நாடா போனது. இடது காலால் மிதித்தேன். பாவு இரண்டு விரற்கடை பிரிந்து நின்றுவிட்டது. அவன் கை என் முட்டிக்கு வந்தது. எடு என்றேன், எடுத்துக்கொண்டான். மறுபடி அழுத்தினேன். தொடையிலிருந்து இடுப்பு வரை சுண்டி இழுத்தது. முகம் பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பப் போனது, நான் திருப்பவில்லை. அவனைப் பார்த்தே சொன்னேன்.

“வலிக்குது அரசு.”

விழுந்த நாளிலிருந்து இதை ஒருமுறைகூட நான் அவனிடம் சொன்னதில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. போதும் என்பான், மணையை இழுத்துப் போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ இரண்டு கைகளையும் தன் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டான்.

“சரி,” என்றான். “இன்னொரு வாட்டி மிதி.”