இரவல் தோள்

இடுப்புக்குக் கீழே இடது பக்கத்தில் யாரோ ஆணி அறைந்துவிட்டுத் தினமும் அதைக் கொஞ்சம் திருகிப் பார்ப்பது மாதிரி வலி. உருளைக்கிழங்கு மூட்டை செய்த வேலை. லாரியிலிருந்து முதுகில் வாங்கித் திரும்பும்போது சேற்றில் கால் வழுக்கியது. மூட்டையைக் கீழே போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். போடவில்லை. மூட்டையைப் போடுகிறவனை அடுத்த லாரிக்குக் கூப்பிட மாட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் செருப்பு மாட்டவும் என் மனைவி செனோபியாதான் குனிய வேண்டியிருந்தது.

"முதுகு போனாலும் பரவால்ல, முன்தண்டு மட்டும் போயிடக் கூடாது உனக்கு," என்றாள். "அந்தக் கட்டையைக் கட்டிக்கிட்டே செத்துப் போ. அதையே உனக்குச் சிலுவையா நட்டுடறேன்."

எங்கள் ஊர்ச் சாமி சான் ரோக்கேயின் சப்பரத்தில் முன்பக்கத்து இடது தண்டு என்னுடையது. கார்ப்பஸ் திருவிழாவுக்கு முந்தின நாள் சுற்று வட்டாரத்துப் புனிதர்கள் எல்லாரும் சப்பரம் ஏறி குஸ்கோ நகரத்துக்குப் போவார்கள். கதீட்ரலில் விருந்தாளிகளாகத் தங்கி, திருவிழா முடிந்த எட்டாம் நாள் திரும்புவார்கள். சிலுவை இந்த மலைக்கு வருவதற்கு முன்னால், செத்துப்போன ராஜாக்களின் உடலைப் பாடம்செய்து இதே கதீட்ரல் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து உட்காரவைத்துக் கள் ஊற்றுவார்களாம். அப்போதும் தூக்கினவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான்.

எங்கள் வில்காபட்டாவில் தண்டில் இடம் இருப்பவனுக்குத்தான் சந்தையிலும் வேலை. சப்பரத்துக்கு மெல்ச்சோர்தான் மேஸ்திரி. சந்தையில் லோடு இறக்கவும் அவனே மேஸ்திரி. சாமி நகரத்துக்குள் போகும் நுழைவு நாளில் ஒருவன் வரவில்லையென்றால் அவன் இடம் போய்விடும், பின்னாலேயே லாரியும் போய்விடும். பதிலுக்கு வேறொரு தோளை நிறுத்தலாம், வழக்கம் இடம்கொடுக்கும். ஆனால் உள்ளூர்க்காரனை நிறுத்தினால் அடுத்த வருஷம் அவன் நகரமாட்டான். மெல்ச்சோரின் தங்கை மகன் ஏற்கெனவே என் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தான், கழுகு நொண்டிக் கழுதையைப் பார்ப்பது மாதிரி.

அதனால் நான் இலாரியோவிடம் போனேன்.

இலாரியோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், யானகோச்சாக்காரன். அவர்கள் சாமி சான் லூகாஸ். எந்தச் சாமி முதலில் நகரத்துக்குள் நுழைவது என்பதில் இரண்டு ஊருக்கும் வருஷா வருஷம் மண்டை உடையும். சந்தையில் மட்டும் நானும் அவனும் ஒரே கொட்டகையில் வெங்காயம் சுமந்தோம், ஒரே சட்டியில் ஆட்டுத்தலை சூப் குடித்தோம். லூகாஸின் தண்டில் அவனுக்குத் திரும்பும் நாளில்தான் இடம். நுழையும் நாளில் அவன் தோள் சும்மா இருந்தது.

"ஏன்டா நிக்கானோர், உங்க ஊர்ல தோளே இல்லியா?"

"இருக்கு. குடுத்தா இடத்தைத் திருப்பித் தர மாட்டானுங்க."

"நான் மட்டும் தந்துடுவேனா?"

"நீ லூகாஸ்காரன். எங்க தண்டுல நீ உரிமை கொண்டாட முடியுமா?"

அவன் வெங்காயச் சருகைத் தட்டிக்கொண்டே சிரித்தான். "அடப்பாவி. என்னை நம்பி வந்தியோன்னு நெனச்சேன். நம்பாமதான் வந்திருக்க."

எங்களுக்குள் வேலைக்கு வேலைதான், காசு பேச்சு கிடையாது. ஆகஸ்டில் அவன் வீட்டுச் சுவருக்கு நான் மண்கல் அறுத்துத் தர வேண்டும் என்று முடிவானது. அவன் பையிலிருந்து நானும் என் பையிலிருந்து அவனும் கோக்கா இலை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டோம். இலை எடுத்தால் வாக்குக் கொடுத்த மாதிரி.

"ஒண்ணுதான் பயம். உங்க சாமி காலடியில நாய் இருக்குல்ல? லூகாஸ் வாசனை பிடிச்சுக் கடிச்சு வெச்சா?"

"அதுக்கு வெள்ளிப் பல்லுடா. கடிச்சாலும் கௌரவந்தான்."

நுழைவு நாள் காலையில் புல்லெல்லாம் உறைபனி. என் பழுப்புப் போர்வை, என் கம்பளித் தொப்பி, என் தோள் சும்மாடு, மூன்றையும் இலாரியோவுக்குப் போட்டுவிட்டேன். தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துக்கொண்டான். நான் கவைக்கம்பை எடுத்துக்கொண்டேன். நிற்கிற இடத்தில் தண்டுக்கு முட்டுக்கொடுக்கிற கம்பு அது, தலையில் இரும்புப் பூண் போட்டது. தூக்க முடியாதவர்களுக்கு அந்த வேலை.

மெல்ச்சோர் வந்தான். "யாரு இவன்?"

"என் பங்காளி. மேல் பள்ளத்தாக்கு."

மெல்ச்சோர், மாடு வாங்கப் போனவன் மாதிரி இலாரியோவின் பிடரியில் ஓங்கி ஒரு அறை விட்டுப் பார்த்தான். இலாரியோ அசையவில்லை. "தோள் இருக்கு. வாய் இருக்கா?"

"சாமிக்கு எதுக்கு மேஸ்திரி வாய்?" என்றான் இலாரியோ தொப்பிக்குள்ளிருந்து. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மெல்ச்சோரும் சிரித்தான்.

பேண்டு முழங்கியது. சான் ரோக்கே எழுந்தார். தேவதாரு தண்டுகள் முனகின. அந்தக் கனம் எனக்குத் தெரியும். முதலில் கழுத்து நரம்பில் இறங்கும், அப்புறம் முழங்காலில், அப்புறம் யோசனையே நின்றுவிடும். இலாரியோ என் இடத்தில் நின்று என்னைவிட நன்றாகவே தூக்கினான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பாலம் தாண்டியதும் இரண்டு ஊர்ப் பாதையும் ஒன்றாகும். அங்கே பின்னாலிருந்து லூகாஸின் பேண்டு கேட்டது.

"ஓடுங்கடா! மாட்டுக்காரன் வர்றான்!" என்று மெல்ச்சோர் கத்தினான். லூகாஸின் காலடியில் ஒரு காளை உட்கார்ந்திருக்கும்.

ஒரு டன் மரத்தையும் வெள்ளியையும் தோளில் வைத்துக்கொண்டு ஓடுவது எப்படியென்று ஓடியவனுக்குத்தான் தெரியும். அடி தப்பினால் முன்னால் இருப்பவன் குதிகால் நசுங்கும். சான் ரோக்கேயின் தொப்பி ஆடியது, நாய் ஆடியது, மெழுகுவர்த்தி எல்லாம் அணைந்தது. நான் வலியைக் கடித்துக்கொண்டு இலாரியோ பக்கத்திலேயே நொண்டி ஓடினேன்.

"பாத்தியா," என்று மூச்சுக்கு நடுவில் சொன்னான். "வருஷத்துக்கு ஒருக்கா சாமியே... சுத்திப் பாக்க வர்ற ஊரு. நாம தெனம் வர்றோம். ஒரு பய போட்டோ புடிக்கல."

சதுக்கத்துக்குப் போக ஒரு கல் சந்து இருக்கிறது. இரண்டு பக்கமும் ராஜா காலத்துச் சுவர், கத்தி நுனி நுழையாத கல். ஒரு சப்பரம் தாராளமாகப் போகும். இரண்டு என்றால் தண்டும் தண்டும் உரசும். மேலே மர உப்பரிகைகளில் இருக்கைக்குக் காசு கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள், தட்டில் ஆறிய கினிப்பன்றிக் கறியும் கையில் கேமராவுமாக. நாங்கள் நுழைந்தோம். லூகாஸும் நுழைந்தார்.

தண்டு தண்டில் மோதியது. அந்த அதிர்ச்சியில் இலாரியோவின் தொப்பி கழன்று கல்லில் விழுந்தது.

லூகாஸின் முன்தண்டுக்குப் பக்கத்தில் ஓடிவந்தவன் பெர்னாபே. இலாரியோவின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். இரண்டு முழம் தூரத்தில் தன் தங்கை புருஷன் முகத்தைப் பார்த்தான்.

"டேய்... இலாரியோவா?"

இலாரியோ நேராகப் பார்த்து நடந்தான்.

"ரோக்கேவையா தூக்குற? சோறு எங்க தின்ன, எங்க வந்து நிக்கிற?"

"மச்சான், அப்புறம் பேசிக்கலாம். கை நெறைய சாமி இருக்கு."

முதல் குத்து மூக்கில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் பேண்டைத் தாண்டிக் கேட்டது. இலாரியோ தலையைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை, கன்னம் தண்டோடு அழுந்தியிருந்தது. இரண்டு கையும் தண்டில். முன்னிடது தோள் விலகினால் சப்பரம் அந்தப் பக்கம் சாயும், சாமி சரிந்து மண்ணைத் தொடுவார். மண்ணைத் தொட்ட சாமியைத் தூக்கின ஊர், ஏழு தலைமுறைக்குத் தலைகுனிந்து நடக்கும். அது அவன் ஊர் இல்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

லூகாஸ்காரர்கள் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் விலாவில் முழங்காலால் இடித்தான். ஒருவன் காதைப் பிடித்துத் திருகினான், காதுமடல் பாதி கிழிந்தது. "விடுடா! விடு! விட்டா விட்டுடறோம்!" இலாரியோ வாயிலிருந்து ரத்தத்தைத் துப்பினான். அவர்கள் கேட்டதற்கு அதுதான் பதில். பெர்னாபே கையிலிருந்த தடியை ஓங்கி இறக்கினான். காறை எலும்பு காய்ந்த விறகு மாதிரி படக்கென்றது. இலாரியோ முனகினான். சப்பரம் ஒரு சாண் இறங்கியது. தோள் ஒடிந்த பக்கத்திலிருந்து தண்டை மறுபக்கம் தள்ளி, கழுத்தில் வாங்கி, திரும்ப உயர்த்தினான்.

நான் கவைக்கம்பைத் திருப்பிப் பிடித்தேன். இடுப்பு என்ன சொல்லும் என்று யோசிக்கவில்லை. இரும்புப் பூண் பெர்னாபேயின் தாடையில் இறங்கியது. அவன் பல் இரண்டு ராஜா சுவரில் பட்டுத் தெறித்தன. இரண்டாவது வீச்சில் காதைத் திருகியவன் மணிக்கட்டு. மூன்றாவதை வீசும்போது என் முதுகுக்குள் ஏதோ அறுந்தது. முழங்காலில் விழுந்தேன். என் விரல்மேல் யாரோ பூட்ஸால் ஏறி நின்றார்கள்.

மேலே உப்பரிகையில் ஒரு வழிகாட்டி, கையில் சின்னக் கொடியோடு கத்திக்கொண்டிருந்தான். "பாருங்க, பாருங்க! இதுக்காகத்தான் இந்த ஊருக்கு ஒரு தடவையாவது வரணும்! வேற எங்க பாப்பீங்க இதை?" பக்கத்தில் ஒரு பெண் பூ இதழைக் கூடையோடு கொட்டினாள். சிவப்பு இதழ்கள் இலாரியோ முகத்தில் ஒட்டிக்கொண்டன. கீழே நடந்தது கூத்தா கொலையா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

சந்து முடிந்தது. சான் ரோக்கே முதலில் சதுக்கத்துக்குள் போனார். நான் தவழ்ந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய், தண்டுக்கு அடியில் கவைக்கம்பை ஊன்றினேன். மற்ற மூன்று மூலையிலும் ஊன்றினார்கள். கனம் கம்புக்கு மாறியதும்தான் இலாரியோ கையை எடுத்தான். எடுத்த மாத்திரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

மெல்ச்சோர் வந்து அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான். "மேல் பள்ளத்தாக்கா? இவன் லூகாஸ்காரன்டா! வெங்காயக் கொட்டகைல பாத்திருக்கேன்!"

அடுத்ததாக எங்கள் ஆட்கள் அடித்தார்கள். அவன் தூக்கிக் காப்பாற்றிய சாமிக்கு முன்னாலேயே அடித்தார்கள். மெல்ச்சோரின் தங்கை மகன் ஓடிவந்து வயிற்றில் உதைத்தான். இன்னொருத்தன் முகத்தில் மிதித்தான், குதிகால் கண்ணில் இறங்கியது. "எங்க அப்பனைத் தொடுவியா? அசிங்கம் பண்ணுவியா?" நான் அவன்மேல் குப்புற விழுந்தேன். என் முதுகிலும் விழுந்தது.

"என் தோள்டா அது! நான்தான் கூட்டிட்டு வந்தேன்! சாமி மண்ணைத் தொட்டாரா? சொல்லு மெல்ச்சோர், தொட்டாரா?"

மெல்ச்சோர் கையைத் தூக்கினான். உதை நின்றது. சான் ரோக்கேயைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"தொடல," என்றான். "நீ பொறுக்கி. ஆனா தொடல. வழக்கம் வழக்கந்தான். உன் இடம் உனக்கு." பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னான். "இன்னொரு தடவை லூகாஸ்காரனோட உன்னைப் பாத்தேன், இடமும் கிடையாது, லாரியும் கிடையாது. கழுதைச் சாணி அள்ளிப் பொழச்சுக்க."

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செனோபியாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படியேற முடிந்தது. இலாரியோவின் இடது கண்ணைக் கட்டியிருந்தார்கள். பார்வை திரும்புமா என்று டாக்டர் சொல்லவில்லையாம். தோள் முழுக்க மாவுக்கட்டு. அவன் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். செனோபியா கொண்டுவந்த கோழி சூப்பை மேசையில் வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனாள்.

"பெர்னாபே தாடைய கம்பி போட்டுக் கட்டிட்டாங்களாம்," என்றான் இலாரியோ. "ரெண்டு மாசம் வாயத் தொறக்க முடியாதாம். எங்க வீட்டுக்கே நல்ல காலம்."

சிரிக்கப் பார்த்து, விலா குத்தவும் நிறுத்திக்கொண்டான்.

"ஆகஸ்டு வரைக்கும் காத்திருக்க மாட்டேன்," என்றேன். "இடுப்பு நிமிந்ததும் வந்து மண்கல் அறுக்குறேன். சுவர் நானே எழுப்பறேன். கூரையும் போடறேன்."

"மண்கல் வேணாம்."

"பின்ன?"

"வெள்ளிக்கிழமை லூகாஸ் வீட்டுக்குத் திரும்புறாரு. என் இடம் பின்தண்டு, இடப்பக்கம். தோள் வரலைன்னா பெர்னாபே தன் மவனை நிறுத்திடுவான். அப்புறம் எனக்கு எங்க ஊர்ல என்ன இருக்கு? ஒத்தக் கண்ணு. அதான்."

"என் முதுகு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"மெல்ச்சோர் என்ன சொன்னான்னும் தெரியும். உங்க ஆளுங்களும் என்னை உயிரோட விட மாட்டானுங்க. நான் பெர்னாபேய அடிச்சவன்."

"என்னை ரெண்டு பக்கமும் அடிச்சாங்க, நிக்கானோர்," என்றான். குரலில் கோபம் இல்லை. "நான் கைய எடுக்கல."

தலையணைக்கு அடியிலிருந்து கோக்கா பையை எடுத்து நீட்டினான். வலது கை மட்டும்தான் வேலை செய்தது. வெளியே தெருவில் ஏதோ ஒரு பேண்டு பயிற்சி பண்ணிக்கொண்டிருந்தது. நான் பையைப் பார்த்தேன். செனோபியா வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இலை எடுத்து வாயில் போட்டேன்.

இன்று வியாழன். இலாரியோவுக்கு நான் தர வேண்டியது ஒரு தோள். சான் லூகாஸின் பின்தண்டு, இடப்பக்கம், கதீட்ரல் படியிலிருந்து யானகோச்சா கோயில் வாசல் வரைக்கும்.